அண்டா அழகுதான், ஜன்னல் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழில் செடிகளையும் பழைய பொருட்களையும் வைத்து வீட்டை அலங்கரிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஜன்னலே இல்லாத மூலையில், பழைய அலமாரி மேல், பித்தளை அண்டாவில் பச்சைப்பசேலென்று ஒரு மணி பிளான்ட் நிற்கிறதே, அதைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. போட்டோ எடுத்து முடிக்கும்வரை அங்கே இருந்திருக்கும், அவ்வளவுதான்.

நானும் இதே தப்பைச் செய்தவள். பாட்டியின் அண்டாவைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மண் நிரப்பி, செடியை நேராக அதிலேயே நட்டேன். அடியில் ஓட்டை கிடையாது, ஓட்டை போட மனசும் வரவில்லை. ஊற்றிய தண்ணீரெல்லாம் போக வழியில்லாமல் அடியில் தங்கிவிட்டது. மேல் மண் காய்ந்து கிடக்கிறதே என்று நான் இன்னும் ஊற்றினேன். மூன்றாவது வாரம் இலைகள் மஞ்சளாகி, தண்டைத் தொட்டால் கொழகொழவென்று கையோடு வந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்து ஒரே நாற்றம். போதாததற்கு மண்ணிலிருந்து பொடி ஈக்கள் கிளம்பி வீடு முழுக்கச் சுற்றின. இப்போது வேறொரு செடி ஓட்டையுள்ள சாதாரண பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கிறது, அந்தத் தொட்டிதான் அண்டாவுக்குள் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஊற்ற வெளியே எடுத்து, நன்றாக வடிந்த பிறகு திரும்ப வைக்கிறேன். வருகிறவர்கள் யாருக்கும் இது தெரியாது.

சரி, இடத்துக்கு வருகிறேன். நம் கண் மங்கலுக்குச் சட்டென்று பழகிவிடுவதால் அறையெல்லாம் ஒரே வெளிச்சம் என்று நினைத்துக்கொள்கிறோம், உண்மையில் ஜன்னலை விட்டு நாலு எட்டு தள்ளினாலே வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். நடுப்பகலில் அந்த இடத்தில் கையை நீட்டிப் பாருங்கள், நிழல் லேசாகக்கூட விழவில்லையென்றால் அங்கே பழைய ரேடியோவை வையுங்கள், செடி வேண்டாம்.

செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நாசா சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். 1989இல் வந்த அந்த ஆய்வு காற்றுப் போகாமல் மூடிய சின்னக் கூண்டுகளுக்குள் நடந்தது. நாம் கூண்டிலா குடியிருக்கிறோம்? 2019இல் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டவர்கள், கட்டடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் காற்றே செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு குறைந்தது 10 செடியாவது வேண்டும், 1000 வரைகூட ஆகலாம் என்றார்கள். அப்புறம் நாம் எங்கே நிற்பது? கதவைத் திறந்துவிட்டால் போதும். செடி பார்க்க நன்றாக இருக்கிறது என்பதே எனக்குப் போதுமான காரணம்.

கோபம் வந்தது கடைசிப் படத்தில்தான். பெயின்ட் உரிந்த பழைய மரத்தொட்டில், அதற்குள் டிஃபன்பாக்கியா என்ற அலங்காரச் செடி, பக்கத்திலேயே தவழும் குழந்தை! பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவிலேயே வீட்டு பெயின்ட்டில் அதை 1978இல்தான் தடை செய்தார்கள். உரியும் செதிளைக் குழந்தை வாயில் போட்டால் என்ன ஆகும்? அதை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இன்னும் மோசம், தூசி வீடெல்லாம் பரவும். டிஃபன்பாக்கியா, மணி பிளான்ட் இரண்டின் இலையிலும் ஊசி ஊசியாக ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும், பூனைக்கும் நாய்க்கும் அதே கதிதான். எங்கள் வீட்டில் இவை இரண்டும் ஆணியில் உயரத் தொங்குகின்றன.

அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது, ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அண்டாவில் செடியை அழுகவிட்ட ஒரு வாசகி