எங்க புள்ளைய வளத்துக் குடுத்த மதுரைக்காரங்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம். நாங்க டெக்ஸாஸ் வந்து சேந்துட்டோம், நம்ம மதுரை ஹோம்ல இருந்து நாங்க தத்தெடுத்த பாப்பா நல்லா இருக்கா. ஊர்ல இருக்கும்போதே ஒவ்வொருத்தரையும் நேர்ல பாத்து நன்றி சொல்லணும்னு தான் நெனச்சோம், பாப்பாவோட விசா கைக்கு வந்ததும் உடனே கிளம்ப வேண்டியதாப் போச்சு, அதனால தான் இந்த மடல்.

முதல்ல குழந்தைகள் ஹோம்ல இருக்குற ஆயாக்களுக்கு. பாப்பா உதட்டுப் பிளவோட பொறந்தவ, மேல் அண்ணத்துலயும் பிளவு இருந்துச்சு. அப்படிப்பட்ட புள்ளைங்களால உறிஞ்சிக் குடிக்க முடியாது, சாதா பாட்டில்ல குடுத்தா பால் மூக்கு வழியா வந்துரும். நீங்க பாலாடைல தான் புகட்டிருக்கீங்க, படுக்க வைக்காம நெஞ்சோட சேத்து நிமிர்த்திப் பிடிச்சு, கொஞ்சம் கொஞ்சமா, நடுநடுவுல முதுகத் தட்டி ஏப்பம் விட வச்சு, ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்கா, நடுராத்திரியிலயும். பத்து வாரம் ஆகணும், நாலரை கிலோ வரணும், ரத்தத்துல ஹீமோகுளோபின் 10 இருக்கணும், அப்பத்தான் உதட்டு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னதுக்காக ஒவ்வொரு கிராமா அவ எடைய ஏத்துனவங்க நீங்க. ஆபரேஷனுக்கு அப்பறம் தையல்ல கை வச்சிரக்கூடாதுன்னு வார்டுல முழிச்சே உக்காந்திருந்தீங்களாம், நர்சம்மா சொன்னாங்க.

பாக்குறவங்கல்லாம் எங்ககிட்ட வந்து "ஒரு புள்ளைக்கு வாழ்வு குடுத்துட்டீங்க, பெரிய புண்ணியம்"னு சொல்றாங்க. அத எங்களால ஏத்துக்கவே முடியல. நாங்க வந்தப்ப அவ ஓடி ஆடி சிரிக்கிற புள்ள. அவளுக்கு வாழ்வு குடுத்தது நீங்க தான், இத நான் எங்க வேணாலும் சொல்லுவேன்.

அப்பறம் அந்த நோட்டு. ஒரு ஆயா ஸ்கூல் நோட்டுல அவளப் பத்தி எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாங்க. பருப்புச் சோறு கொழைய இருக்கணும், மிக்சி சத்தம் கேட்டா பயப்படுவா, தூங்கும்போது காது மடலத் தடவிவிடணும், "மாலு"ன்னு கேட்டா பால் கேக்குறான்னு அர்த்தம், ஏன்னா ப வராது, மூக்கு வழியா காத்து போயி ம ஆயிரும். தத்து வேலையப் பாக்குற மத்திய அரசு அமைப்பான கார (CARA) அனுப்புன குழந்தை அறிக்கைலயும் மெடிக்கல் ரிப்போர்ட்லயும் எடை, தடுப்பூசி எல்லாம் இருந்துச்சு, ஆனா ராத்திரி அவ அழுதப்ப எங்களுக்குக் கை குடுத்தது இந்த நோட்டு தான். கூடவே ஒரு பழைய சுங்குடி சேலையும் குடுத்து விட்டீங்க, தொவைக்காம குடுத்தீங்க, அந்த வாசத்துக்குத் தான் அவ ஃப்ளைட்டுல தூங்குனா.

பேச்சுப் பயிற்சி குடுத்த மேடத்துக்கும் ரொம்ப நன்றி. காகிதத் துண்ட ஊதுறது, சோப்பு முட்டை விடுறது, கண்ணாடிய மூக்குக்குக் கீழ வச்சு ஆவி படியுதான்னு பாக்குறதுன்னு எங்களுக்கும் சொல்லிக் குடுத்து, வீட்டுல தமிழ்லயே பேசுங்க, பாஷைய மாத்திப் புள்ளையக் கொழப்பாதீங்கன்னு சொன்னீங்க. அப்படியே செய்யுறோம்.

பேப்பர் வேலையப் பத்தி நெறைய பேர் கேக்குறாய்ங்க, சுருக்கமா சொல்றேன். எங்க ரெண்டு பேருக்கும் சொந்த ஊரு மதுரை தான், ஆனா இப்ப அமெரிக்க குடியுரிமை, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்குன இந்தியங்களுக்குக் குடுக்குற ஓசிஐ கார்டு. அதனால இங்க அமெரிக்காவுல உள்ள ஏஜென்சி மூலமா, புள்ள வளக்க எங்க வீடு சரிப்படுமான்னு பாக்குற வீட்டு ஆய்வு முடிச்சு தான் கார போர்ட்டல்ல பதியணும், ரெண்டு நாட்டு ஒப்புதலும் வந்து, ஆட்சேபணை இல்லைன்னு காரவோட என்ஓசி வந்து, அப்பறம் தத்து உத்தரவு. முன்னாடி கோர்ட்ல வாங்கணும், 2022 செப்டம்பர்ல இருந்து கலெக்டர் தான் குடுக்குறாரு. குழந்தைகள் பாதுகாப்பு அலகுங்கிற அரசு ஆபீஸ்ல இருந்த அந்தத் தம்பி ஒவ்வொரு பேப்பரையும் தன் வீட்டு வேலை மாதிரி பாத்துக்கிட்டாரு. பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட், அதுக்கப்பறம் விசான்னு ஒண்ணு முடிஞ்சா தான் அடுத்தது, எங்கயாவது நின்னுச்சுன்னா அவருக்குத் தான் போன் போடுவோம், ஒரு தடவ கூட சலிச்சுக்கல.

செல்லூர்ல எங்க அம்மா தெருவுக்கும் சொல்லணும். சாயல் யாரு, என்ன ஆளுகன்னு ஒருத்தர் ஆரம்பிச்சப்ப எதுத்த வீட்டு அப்பத்தா "வீட்டுக்கு வந்த புள்ளைய என்னடா வெசாரணை, போடா அங்குட்டு"ன்னு வெரட்டிவிட்டு, உப்பு மொளகா சுத்திப் போட்டாங்க பாருங்க, அப்பத்தா, அத நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். ஹோமுக்கும் ஆபீசுக்கும் எங்களக் கூட்டிட்டுத் திரிஞ்ச ஆட்டோ அண்ணே, பாப்பாவக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு நீங்க காசே வாங்கல, மதினிகிட்டயும் சொல்லிருங்க.

அவளப் பெத்தவங்க யாருன்னு எங்களுக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் முடியாது. அவங்க கண்ணுல இது படுமான்னும் தெரியல. பத்திரமான கைல அவளச் சேத்தீங்களே தாயி, நல்லா இருக்கா.

முதல் வருசம் மூணு மாசத்துக்கு ஒருக்கா, ரெண்டாவது வருசம் ஆறு மாசத்துக்கு ஒருக்கா அவ எப்படி இருக்கான்னு ரிப்போர்ட் போகணும். அது கவர்மெண்டுக்கு. ஆயாக்களுக்குத் தனியா வீடியோ அனுப்புறோம், நைட் டியூட்டி ஆயாவுக்கும் மறக்காமப் போட்டுக் காட்டச் சொல்லி ஹோம்ல கேட்டிருக்கோம். இந்த வாரம் அனுப்புனதுல அவ "பாலு"ன்னு கேக்குறா, ப தெளிவா வருது, சத்தத்தக் கூட்டி வச்சுக் கேளுங்க.