கோரிக்கை மனு: மறைந்த கோச் பயிற்சி தந்த களத்தில் சாய்ந்துள்ள கூடைப்பந்து வளையத்தைச் சரிசெய்யக் கோருதல்

அனுப்புநர்:
மறைந்த கூடைப்பந்து வீரரும் பயிற்சியாளருமான எங்கள் கோச்சின் ரசிகர்கள், மாணவர்கள்

பெறுநர்:
உயர்திரு விளையாட்டு மைதானப் பராமரிப்பு அலுவலர் அவர்கள்

பார்வை: இதே பொருள் குறித்த எங்கள் முந்தைய மனுக்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய களம் எது, அதில் எந்தப் பக்கத்து வளையம் என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. கோச் இருந்தபோது பரிசளிப்புக்குத் தாங்கள் வந்த இடம்தான்.

அவருடைய முதலாமாண்டு நினைவுப் போட்டியை அங்கேயே நடத்த விரும்புகிறோம். சிலை கேட்கவில்லை, பெயர்ப் பலகைக்கும் அவசரமில்லை. ஆடிக்கொண்டே பயிற்சியாளராகவும் இருந்து பாஸ்டன் செல்டிக்ஸ் அணிக்கு 1968, 1969 இரண்டு ஆண்டும் பட்டம் வென்று தந்த பில் ரஸ்ஸல் 2022-ல் மறைந்தபோது, அவர் அணிந்த 6-ஆம் எண்ணை இனி எந்த அணியிலும் புதிதாக யாருக்கும் தருவதில்லை என்று அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து அமைப்பான என்.பி.ஏ. அறிவித்தது. அத்தனை பெரிய மரியாதையை நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கோச் நின்று சொல்லிக்கொடுத்த வளையம் மட்டமாக இருந்தால் போதும்.

1. வளையத்தின் மேல் விளிம்பு தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில், எல்லாப் பக்கமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். விதிப்படி 6 மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். இங்கே முன்விளிம்பு மட்டும் 5 சென்டிமீட்டர் தொங்குகிறது. பார்க்கச் சிறிய கோணல்தான், ஆனால் கெடுதல் பெரியது. வளையத்தின் உள்விட்டம் 45 செ.மீ., பந்தின் விட்டம் ஏறத்தாழ 24 செ.மீ. பந்து 45 பாகைக் கோணத்தில் இறங்கினால் அதற்குத் திறந்திருக்கும் வாய் 32 செ.மீ. அளவு. 30 பாகையில் தட்டையாக வந்தால் 22.5 செ.மீ.தான், பந்து நேராக நுழையவே முடியாது, விளிம்பில் அடிபடும். முன்பக்கம் தொங்கும் வளையத்திலோ அதே தட்டைப் பந்துக்கு 26 செ.மீ.க்கு மேல் வழி கிடைத்துவிடுகிறது. பிள்ளைகள் அதையே சரியான எறிதல் என்று பழகிக்கொள்கிறார்கள். போட்டிக்கு வேறு களத்துக்குப் போனால் பந்து முன்விளிம்பில் மோதித் திரும்புகிறது. வளையத்துக்கு ஓரடி முன்னால் நிற்கவைத்து, முழங்கை பந்துக்கு நேர் கீழே வரும்வரை திருத்தி, பந்து விளிம்பைத் தொடாமல் விழுந்த பிறகே ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு அனுப்பி, தடுப்பாரின்றி எறியும் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குக் கொண்டுவருவார் கோச். "உயர்த்திப் போடு" என்று அவர் சொன்னதை எல்லாம் இந்த வளையம் அழிக்கிறது, ஐயா. எங்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

2. கோணலுக்குக் காரணம்: வளையம் ஒட்டுப்பலகையில் மட்டும் முடுக்கப்பட்டிருக்கிறது. மழையில் பலகை ஊறி, மேல் இரண்டு போல்ட்டுகளின் துளைகள் நீண்டுவிட்டன. யாராவது தொங்கினால் இன்னும் இறங்கும். சென்ற முறை வந்த ஆட்கள் வளையத்தைச் சுத்தியலால் மேலே தட்டிவிட்டு, வண்ணம் பூசிப் போய்விட்டார்கள். வண்ணம் பூசினால் துளை சிறுத்துவிடுமா? வேலை முடிந்ததாகக் கையெழுத்திட்டவர் ஒரு ரசமட்டத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தாரா?

3. செய்ய வேண்டியது: பலகைக்குப் பின்னால் இரும்புத் தகடு வைத்து, அதைத் தூணிலிருந்து வரும் கையோடு இணைத்து, வளையத்தின் நான்கு போல்ட்டுகளும் அந்தத் தகட்டில் பிடிக்கும்படி முடுக்க வேண்டும், வளையத்தின் இழுவை பலகைக்குப் போகவே கூடாது. ஸ்பிரிங் வாஷரும் லாக் நட்டும் கட்டாயம். முடுக்கிய பின் ரசமட்டத்தை முன்பின்னாகவும் இடவலமாகவும் வைத்துப் பார்க்க வேண்டும். உயரத்தைத் தூணின் அடியிலிருந்து அளக்கக் கூடாது, வளையத்துக்கு நேர் கீழே உள்ள தரையிலிருந்து அளக்க வேண்டும்.

4. வளையத்தின் கீழே தரை குழிந்து தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருக்கிறது. லே-அப் போட்டு, அதாவது ஓடிவந்து எம்பி வளையத்தருகே பந்தை இட்டு, ஒற்றைக் காலில் இறங்குபவர் அங்கேதான் வழுக்குகிறார். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவை ஒரே பக்கமாகக் கொடுத்தால் நீர் வடிந்துவிடும். மேற்பூச்சில் மணல் கலக்க வேண்டும். வெறும் பெயின்ட் ஈரத்தில் வழுக்கும். தரை வேலை முதலில், வளையம் பிறகு. மாற்றிச் செய்தால் தரை உயர்ந்த அளவுக்கு வளையம் தாழ்ந்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

5. வலை இல்லை.

ஐயா, நாங்கள் கேட்பது ஒரு தகடு, நான்கு போல்ட்டுகள், கொஞ்சம் சிமென்ட். இதற்கு எத்தனை மனுதான் எழுதுவது? முடியாது என்றால் முடியாது என்றாவது எழுத்தில் சொல்லுங்கள். தங்கள் அனுமதி கிடைத்தால் பொருள்களை நாங்களே வாங்கித் தருகிறோம். அனுமதியின்றி அரசுக் கம்பத்தில் கைவைக்கக் கூடாது என்பதால்தான் காத்திருக்கிறோம்.

நினைவுப் போட்டிக்கு முன்னதாக ஒரு பொறியாளரை அனுப்பி அளந்து பார்க்கச் செய்து, வளையத்தை மட்டமாக்கித் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து இந்த முறை பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கோச்சின் ரசிகர்கள், மாணவர்கள்

இணைப்பு: ரசமட்டம் வைத்து எடுத்த வளையத்தின் படங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள்