எருக்குக்கு உறவுக்காரச் செடி

அன்பு மகளுக்கு,

வெயில் விழும் மூலையில் ஆரஞ்சுப்பூ அஸ்கிளிபியாஸ் டியூபரோசா வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வை. வட அமெரிக்கக் காட்டுச்செடி அது. எருக்கின் குடும்பம்தான், ஆனால் கிள்ளினால் பால் வராது.

முதலில் இடத்தை முடிவு செய். கிழங்குபோல் பருத்த ஆணிவேர் ஆழமாக இறங்கிவிடும். வளர்ந்த செடியைத் தோண்டினால் வேர் ஒடியும், பிழைப்பது கடினம். தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மழைநீர் தேங்கும் இடம் ஆகாது. களிமண் என்றால் 20-25 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போடு. வறட்சியைத் தாங்கிவிடும் செடி, குளிர்கால ஈரத்தில் அழுகிப்போகும்.

விதைக்குக் குளிர் படாவிட்டால் முளைப்பு சரியாக இருக்காது. ஈரமணலில் கலந்து, பையில் கட்டி, ஃப்ரிட்ஜில் 4 முதல் 6 வாரம் வை. மணலைப் பிடித்துப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. சொட்டினால் பூஞ்சை பிடிக்கும். பிறகு ஆழமான தொட்டியில் அரை செ.மீ. ஆழத்தில் ஊன்று. வேர் அடியைத் தொட்டுச் சுருளும் முன்பே, 45 செ.மீ. இடைவெளியில் நட்டுவிடு. வரிசை பிடிக்காதே, நாலைந்தைக் கூட்டமாக வைத்தால்தான் காட்டில் தானாய் வளர்ந்த தோற்றம் வரும். உயரமான செடிகளை நிழல் விழாதபடி தள்ளி வை.

முதல் கோடையில் மண் காய்ந்தால் வாரம் ஒருமுறை நீர் போதும். எரு போடாதே, தண்டு கொழுத்துச் சாயும். விதையிலிருந்து வந்தது பூக்க 2, 3 வருடம் ஆகும்.

எருக்கில் அப்புமே, அதே மஞ்சள் அசுவினிப் பூச்சி இதிலும் வரும். தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு, மருந்து வேண்டாம். மஞ்சள், கறுப்பு, வெள்ளைப் பட்டை போட்ட புழு இலையைத் தின்றால் விட்டுவிடு. அது மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு. செடிக்கு ஒன்றும் ஆகாது, மறுபடி துளிர்க்கும்.

பலர் இந்தச் செடியை இழப்பது வசந்தத்தில்தான். மற்றவை துளிர்த்துப் பல வாரம் கழித்துத்தான் இது தலைகாட்டும். செத்துவிட்டது என்று கொத்திவிடுவார்கள். அதனால் காய்ந்த தண்டை அடியோடு வெட்டாமல் ஒரு சாண் விட்டு வை, பக்கத்தில் ஒரு குச்சியும் நடு. துளிர் தெரியும்வரை மண்வெட்டி அந்தப் பக்கம் போக வேண்டாம்.

அன்புடன்,
அப்பா