ஓகே வந்த வழி

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டில் தண்ணீர் தாராளமாக வருகிறது என்று எழுதியிருந்தாய், அதுவே பாதி நிம்மதி. இங்கே என் முழங்கால் வலி பரவாயில்லை. சின்னவளுக்கு ஒரு வரன் தகைகிற மாதிரி இருக்கிறது, முடிவானதும் சொல்கிறேன்.

உன் மாப்பிள்ளை ‘ஓகே’வுக்குச் சொன்ன விளக்கம் கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஒருவரும் சாகாத நாளில் ‘ஜீரோ கில்ட்’ என்பதை, பூஜ்யத்தை ‘ஓ’வாக்கி, ‘ஓகே’ என்று சுருக்கி எழுதினார்களாம். ஆனால் கணக்கு உதைக்கிறதே! அந்தப் போர் தொடங்கியதே 1861இல். ‘ஓகே’ 1839 மார்ச் 23ஆம் தேதியே ‘பாஸ்டன் மார்னிங் போஸ்ட்’ பத்திரிகையில் அச்சேறிவிட்டது.

அதுவும் வெறும் கேலியாக. அந்த ஊர்ப் பத்திரிகைக்காரர்களுக்கு அப்போது ஒரு பைத்தியம். சொற்களை வேண்டுமென்றே தப்பும் தவறுமாக எழுதி, முதல் எழுத்துகளை மட்டும் போடுவார்கள். ‘ஆல் கரெக்ட்’டை ‘ஓ’விலும் ‘கே’யிலும் தொடங்கும்படி கொச்சையாக்கினார்கள். எல்லாம் சரி என்று சொல்கிற இரண்டு எழுத்துமே தப்பு! ‘ஆல் ரைட்’டுக்கும் இப்படி ‘ஓ.டபிள்யூ.’ என்று ஒன்று இருந்தது. அது போன இடம் தெரியவில்லை.

இது மட்டும் பிழைத்ததற்குத் தேர்தல்தான் காரணம். 1840இல் அதிபர் மார்ட்டின் வான் பியூரன் மறுபடி நின்றார். நியூயார்க் மாநிலத்துக் கிண்டர்ஹுக் அவருடைய சொந்த ஊர், ‘ஓல்டு கிண்டர்ஹுக்’ பட்டப்பெயர். ஆதரவாளர்கள் ‘ஓ.கே. கிளப்’ ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்க்கட்சி விடுமா? முந்தைய அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சனுக்குப் பிழையில்லாமல் எழுத வராது, ‘எல்லாம் சரி’ என்று கோப்பில் அவர் கிறுக்கியதுதான் இது என்று கதை கட்டியது. இந்த ஏச்சும் பேச்சும் இல்லாவிட்டால் ஓகேயும் பாஸ்டனோடு போயிருக்கும் என்பது என் எண்ணம். வான் பியூரன் என்னவோ தோற்றுப்போனார்.

பழைய பத்திரிகைகளைப் புரட்டி இதையெல்லாம் 1963–64இல் நிறுவியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்து மொழி ஆய்வாளர் ஆலன் வாக்கர் ரீட். அதுவரை ஆளுக்கொரு கதைதான். அதிபர் உட்ரோ வில்சனே ஓகேயை அமெரிக்காவின் சாக்டா பழங்குடியினரின் சொல் என்று நம்பி, கடைசியில் ஒரு ‘ஹெச்’ சேர்த்துத்தான் எழுதுவார். மாப்பிள்ளையிடம் இதைப் பக்குவமாகச் சொல், அவர் முகம் சுண்டிவிடப் போகிறது.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். ஆடி கழிந்ததும் அந்தப் பக்கம் வருகிறேன்.

அன்புடன்,
ராமசாமி