கட்சி மாறலாமா, நீயே சொல்

கேன்டன், மிச்சிகன்

மாப்ள,

எட்டு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. பொங்கலுக்கு நீ அவ்வளவு நீளமாக எழுதியதற்கும் பதில் போடவில்லை. மனசு உறுத்திக்கொண்டே இருந்தது. இங்கே எல்லாரும் நலம். பெரியவள் கடைசி செமஸ்டரில் இருக்கிறாள், சின்னவனுக்குப் பல்லில் கம்பி போட்டாகிவிட்டது. அக்கா முழங்கால் விஷயத்தைத் தள்ளிப் போடாதே, உடனே காட்டு. மொட்டையிடம் அந்தப் பணத்தைப் பற்றி நீ வாயே திறக்காதே, நான் பேசிக்கொள்கிறேன். அவ்வளவுதான் செய்தி. இனி நான் எழுத உட்கார்ந்த விஷயம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் காரை விற்கப் போகிறார். எந்தக் கார் என்று உனக்குத் தெரியும். 2014 செவ்ரலே கமாரோ இசட் 28, வெள்ளை. நீ இங்கே வந்தபோது அதைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாயே, அதே வண்டிதான். அவருக்குக் கண்ணில் நடுப்பகுதி மங்கிவிட்டது, இனிமேல் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெளி ஆளுக்குக் கொடுக்க அவருக்கு மனசில்லை. துணி போட்டு மூடி வைத்து, பத்து வருஷம் கழித்து ஏலத்தில் விற்கிறவன் கையில் போய்விடும் என்று பயப்படுகிறார். என்னைக் கூப்பிட்டு, "நீ எடுத்துக்கொள். உன் மஸ்டாங்கை விற்றால் வரும் பணத்துக்கு மேல் கொஞ்சம் போட்டால் போதும்" என்றார்.

என்னிடம், மாப்ள. விடுதியில் கமாரோ கட்சிக்காரனான உன்னோடு நாலு வருஷம் ஃபோர்டு மஸ்டாங் கட்சி பேசிய என்னிடம்.

உக்கடம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த அமெரிக்க கார் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு வருவோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டு காரையும் நேரில் பார்க்காமலே ராத்திரி இரண்டு மணி வரை சண்டை. அமெரிக்காவின் டிரான்ஸ் ஆம் கார் ரேஸ் தொடர் என்று வந்தால் நீ 1968, 1969 என்று இரண்டு விரலைக் காட்டுவாய், பென்ஸ்கி டீமில் மார்க் டோனஹ்யூ கமாரோவில் ஜெயித்த இரண்டு வருஷம். நான் மஸ்டாங் ஜெயித்த 1966, 67, 70 என்று மூன்று விரலை நீட்டுவேன். உடனே நீ, முதல் வருஷம் கமாரோ பிறக்கவே இல்லை, அதைக் கணக்கில் சேர்க்காதே என்பாய். அந்த வாதம் சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். மஸ்டாங் 1964 ஏப்ரலில் வந்தது, உங்கள் ஆட்கள் பதில் சொல்ல 1966 செப்டம்பர் ஆனது. ஆளில்லாத மைதானத்தில் போட்ட கோல் அது.

அந்த டோனஹ்யூ கமாரோவைப் பற்றி அப்போது உனக்கும் எனக்கும் தெரியாத ஒன்றை இங்கே வந்த பிறகு படித்தேன். எடையைக் குறைக்க பாடித் தகட்டையே ஆசிட்டில் முக்கி மெலிதாக்கினார்களாம். கூரை அப்பளம் மாதிரி மெலிந்து சுருங்கிவிட்டது, அது தெரியாமல் இருக்க மேலே கருப்பு வினைல் ஒட்டினார்களாம். ரேஸ் காருக்கு எதற்கு வினைல் கூரை என்று அந்தப் போட்டோவைப் பார்த்து நாம் இரண்டு பேரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டது நினைவிருக்கிறதா?

கார் கம்பெனிகள் சொல்லும் எண்களை நான் நம்பாமல் போனதற்கு இப்படிப்பட்ட கதைகள்தான் காரணம். 1964 மார்ச்சில் கார் அண்ட் டிரைவர் பத்திரிகை, போன்டியாக் ஜிடிஓவையும் ஃபெராரி ஜிடிஓவையும் ஒப்பிட்டுப் போட்டது. 60 மைல் வேகத்தை 4.6 நொடியில் தொட்டது போன்டியாக் என்று எழுதினார்கள். ஊரே வாயைப் பிளந்தது. பல வருஷம் கழித்து, அந்தக் காரைக் கொடுத்த போன்டியாக் விளம்பர ஆள் ஜிம் வாங்கர்ஸே உண்மையைச் சொன்னார். கடையில் விற்ற ஜிடிஓவில் இருந்தது 389 கன அங்குல இன்ஜின், டெஸ்டுக்குக் கொடுத்த வண்டியில் இருந்தது 421. அடுத்தது என் கட்சியின் கதை, மறைக்காமல் சொல்கிறேன். நான் இங்கே வந்த மறு வருஷம், 1999ல், மஸ்டாங் கோப்ராவுக்கு 320 ஹெச்பி (குதிரைசக்தி) என்று ஃபோர்டு அறிவித்தது. வாங்கியவர்கள் சக்தியை அளக்கும் டைனோ மெஷினில் ஏற்றிப் பார்த்தால் அந்த சக்தி வரவில்லை. விற்பனையை நிறுத்தி, விற்ற வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு, இன்டேக் மேனிஃபோல்டையும் சைலன்சர் பைப்பையும் மாற்றிக் கொடுத்தார்கள். கம்பெனியே சரி என்று ஒப்புக்கொள்ளும்வரை விடாமல் அளந்தது சாதாரண ஜனங்கள், மாப்ள. அந்த வருஷம் முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது, அந்த ஜனங்களை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது.

நேர்ரோட்டு எண்களை நான் எப்போதோ தலைமுழுகிவிட்டேன். டாட்ஜ் கம்பெனியின் டீமன் 170 காரை எடுத்துக்கொள், 1025 ஹெச்பி, கால் மைல் 8.91 நொடி. பொய் இல்லை. ஆனால் பசை போட்டுத் தயார் செய்த தடத்தில், எத்தனால் கலந்த பெட்ரோலில் வந்த எண் அது. வண்டி முதல் ஓரடி நகர்ந்த பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும் வழக்கம் இங்கே பல டெஸ்டுகளில் உண்டு. அந்த ஓரடியில் மட்டும் கால் நொடி போல மிச்சமாகிவிடும். இப்படி வந்த எண்ணை வைத்து என் வண்டி பெரிசா உன் வண்டி பெரிசா என்று மனுஷர்கள் உறவை முறித்துக்கொள்கிறார்கள்.

சரி, பெரியவர் கதைக்கு வருகிறேன். "முடிவு சொல்வதற்கு முன்னால் ஒரு நாள் ஜிஞ்சர்மேனில் ஓட்டிப் பார்" என்றார். சவுத் ஹேவன் பக்கம் இருக்கிற ட்ராக், இரண்டு மைலுக்குச் சற்று மேல், 11 வளைவு. போன சனிக்கிழமை விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பினோம். என் மஸ்டாங்கை, அந்த 2012 பாஸ் 302ஐ, நான் ஓட்டினேன், இசட் 28ஐ அவர் மகன் ஓட்டி வந்தார்.

காலையில் முதலில் என் வண்டியை எடுத்தேன். ட்ராக்குக்கென்று இருக்கிற சிவப்புச் சாவியைப் போட்டுத் திருப்பினால் அது எப்படி மாறும் என்று உனக்கு எழுதியிருக்கிறேன். 444 ஹெச்பி, 7500 வரை கத்தும். மூன்றாவது லேப்பில் 1 நிமிடம் 49 நொடி, இதுவரை நான் அங்கே ஓட்டியதில் அதுதான் வேகம். ஆறாவது லேப்பில், நீள ரோடு முடிந்து பிரேக்கை மிதித்தால் பெடல் மெத்தை மாதிரி உள்ளே போகிறது. பிரேக் ஆயிலை இந்த வருஷம் நான் மாற்றவில்லை, கொதித்துவிட்டது. தப்பு என்னுடையது. மெதுவாகப் பிட்டுக்கு வந்துவிட்டேன்.

மத்தியானம் இசட் 28. உள்ளே உட்கார்ந்ததும் எனக்கு மனசு இளகிவிட்டது. ஏசி கிடையாது. ஸ்பீக்கர் ஒன்றே ஒன்று, அதுவும் சீட் பெல்ட் மாட்டச் சொல்லி ஒலிக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால். டிக்கியில் கம்பளம் இல்லை. கழற்றக்கூடிய எடையையெல்லாம் கழற்றிவிட்டு, அந்தக் காசைப் பிரேக்கிலும் டயரிலும் ஷாக் அப்சார்பரிலும் கொட்டியிருக்கிறார்கள். அதே காலத்து கமாரோ இசட் எல் 1க்கு 580 ஹெச்பி, இதற்கு 505 தான். ஆனாலும் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ட்ராக்கில் இசட் எல் 1 எடுத்தது 7 நிமிடம் 41.27 நொடி, இது 7 நிமிடம் 37.47, அதுவும் ஈரத் தடத்தில். சக்தி குறைந்த வண்டி முந்திக்கொண்டு வந்ததே, அது எப்படி என்று அன்று வரை நான் படித்துத்தான் தெரிந்துவைத்திருந்தேன்.

பெரியவர் பக்கத்து சீட்டில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்தார். எதிரே இருப்பது அவருக்கு வெறும் புகைமூட்டம். ஆனால் இன்ஜின் சத்தத்தை வைத்தே எந்த வளைவு வருகிறது என்று தெரிகிறது. "இப்போது பிரேக்" என்றார். எனக்கு நெஞ்சு பக்கென்றது, அவ்வளவு உள்ளே போய்விட்டோம். மிதித்தேன். கார்பன் செராமிக் பிரேக், சீட் பெல்ட் நெஞ்சை அறுத்தது, வண்டி நின்ற மாதிரி ஆகித் திரும்பிவிட்டது. "பார்த்தாயா, இன்னும் நேரம் இருந்தது" என்றார். 1.46. அடுத்தது 1.46. எட்டாவது லேப்பிலும் 1.46, பெடல் முதல் லேப்பில் இருந்த அதே இடத்தில். என் சட்டை முழுக்க வியர்வை, அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

நல்ல டயர், நல்ல பிரேக், அதனால் மூன்று நொடி, இதில் என்ன அதிசயம் என்று நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். எனக்கு அந்த மூன்று நொடி பெரிதில்லை. எட்டாவது லேப்தான் பெரிது. கம்பெனி சொல்லும் எண் ஒரே ஒரு லேப்புக்கு, ஒரு நாளுக்கு, ஒரு டிரைவருக்கு. 2016 மஸ்டாங் ஷெல்பி ஜிடி 350ஐ ட்ராக் கார் என்று நம்பி வாங்கியவர்கள், கூலர் இல்லாத மாடலில் சில லேப்பிலேயே வண்டி சூடாகித் தானே சக்தியைக் குறைத்துக்கொள்கிறது என்று கோர்ட்டுக்குப் போனார்கள். அடுத்த வருஷ மாடலில் கூலரை எல்லாவற்றிலும் போட்டுக் கொடுத்தது ஃபோர்டு. அது தெரிந்தும் நான் இத்தனை வருஷம் ஒற்றை லேப் எண்ணை வைத்தே உன்னோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

சாயங்காலம் வண்டி ஆறும்வரை மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பெரியவர் முன் சக்கரத்துக்கு மேலே விரலால் தட்டினார். "இதற்குள் இருக்கிற ஷாக் அப்சார்பர் யார் செய்தது தெரியுமா? கனடாவில் மல்டிமேட்டிக். உங்கள் மஸ்டாங் ஜிடிடியை யார் கட்டுகிறார்கள்? அதே மல்டிமேட்டிக்" என்றார். தனித்தனியாக இரண்டும் எனக்குத் தெரிந்த செய்திதான், சேர்த்து வைத்துப் பார்த்ததில்லை. பத்து கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியும் அப்படித்தான், ஃபோர்டும், கமாரோவைச் செய்த ஜெனரல் மோட்டார்ஸும் சேர்ந்து உருவாக்கியது. கமாரோவிலும் அது, மஸ்டாங்கிலும் அது. நாற்பது வருஷம் தொழிற்சாலையில் அச்சு செதுக்கியவர் அவர். "சண்டை போட்டது விளம்பரக்காரர்கள். எங்கள் பட்டறைக்குள் யாரும் யாரையும் வெறுக்கவில்லை" என்றார்.

அந்த எண் யுத்தம் எவ்வளவு தூரம் போனது பார். மஸ்டாங் ஜிடிடி 2024ல் நூர்பர்க்ரிங்கில் 6 நிமிடம் 57.685, அடுத்த வருஷம் அதையே 6.52.072 ஆக்கினார்கள். 2025 ஜூலையில் செவ்ரலே அறிவித்தது, கார்வெட் இசட் ஆர் 1, 6.50.763. இசட் ஆர் 1 எக்ஸ், 6.49.275. கார்வெட்டுகளை ஓட்டியவர்கள் தொழில்முறை ரேஸர்கள் இல்லை, கம்பெனி இன்ஜினியர்கள், அதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. ஆனால் கார்வெட், சாமானிய விலையில் அதிக சக்தி தரும் மஸில் கார் கிடையாது என்று நீ சொல்வாய், மூன்று லட்சம் டாலருக்கு மேல் விலை வைத்த ஜிடிடியும் அந்த வகையில் வராது என்று நான் சொல்வேன். அப்புறம், உன் கமாரோ இசட் எல் 1 ஒன் எல் ஈயின் 7.16.04ஐ இவற்றோடு வைத்துப் பேசாதே. அது 20.6 கிலோமீட்டர் கணக்கு. 2019லிருந்து முழுச் சுற்று, 20.832.

எனக்கு உண்மையாகவே வலிக்கிறது, மாப்ள. 2023 டிசம்பரில் லான்சிங்கில் கடைசி கமாரோ வெளியே வந்தது. அதே மாதம் டாட்ஜ் சேலஞ்சரும் நின்றது. அன்று என் கட்சி ஆட்கள் சிலர் கொண்டாடினார்கள், எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்த முதல் இசட் 28 இல்லையென்றால் பாஸ் 302 என்ற பெயரே வந்திருக்காது. ஒரு வாத்தியார் சம்பளத்துக்கு வாங்கி, சனிக்கிழமை ட்ராக்கில் ஓட்டி, திங்கட்கிழமை வேலைக்குப் போகிற அந்தக் கார்கள் ஒன்றையொன்று விரட்டித்தான் இவ்வளவு நல்லதாக ஆயின. இனிமேல் மஸ்டாங்கை யார் விரட்டுவார்கள்?

கராஜில் ஒரு வண்டிக்குத்தான் இடம். வீட்டில் கேட்டால் "உங்கள் இஷ்டம், ஆனால் இரண்டு கிடையாது" என்று பதில். பாஸைக் கொடுத்தால்தான் இசட் 28. பெரியவர் அடுத்த ஞாயிறு வரை டைம் கொடுத்திருக்கிறார். நான் எடுத்தால் மாதம் ஒரு முறையாவது அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து ஜிஞ்சர்மேன் போக வேண்டும், அது மட்டும்தான் அவர் போட்ட நிபந்தனை.

உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். நீ சந்தோஷத்தில் குதிக்காமல் யோசித்துச் சொல். பிரேக் டிஸ்க் தேய்ந்தால் விலை என்ன ஆகும், பத்து வருஷ வண்டிக்கு எதையெல்லாம் பிரித்துப் பார்க்க வேண்டும், பட்டறை அண்ணனையும் கேட்டு வை. உனக்கு சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கூப்பிடுகிறேன், போனை எடு.

உன்
மாப்ள