கடலட்டைப் பண்ணையாளர் சங்கம்: செயலாளரின்ர ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், அங்கத்தவர் எல்லாருக்கும் வணக்கம். போன பொதுக்கூட்டத்தில அறிக்கை நீட்டு எண்டு கொஞ்சப்பேர் பாதியில எழும்பிப் போனவை, அதால சந்தா, வரவு செலவெல்லாம் பொருளாளர் வாசிப்பார், நான் அந்தச் சத்துப்பவுடர் கதையைச் சொல்லுறன், ஏனெண்டா காசு போனது அதிலதான்.

அட்டைக்குஞ்சு வளருதில்லை எண்டு நாலைஞ்சு பேர் முறையிட, மினரலும் விற்றமினும் கலந்த பவுடர் வாங்கி அட்டை வளக்கிற மூண்டு வலை அடைப்பில போட்டுப் பாப்பம் எண்டு நிர்வாகசபை முடிவெடுத்தது. கையெழுத்து வைச்சது நான்தான், ஒளிக்கேல்ல. அது இறால் குளத்துக்கெண்டு செய்த சாமான். இறால் கோது கழட்டுறது, உப்புக் குறைஞ்ச குளத்தில அதுக்கு மக்னீசியமும் பொட்டாசியமும் காணாது, அங்க போட்டா பலன் இருக்கும். எங்கட அடைப்பு கிடக்கிறது கடலுக்குள்ள எல்லோ, ஒரு லீற்றர் கடல்தண்ணியிலயே கல்சியம் 400 மில்லிகிராம் மட்டில, மக்னீசியம் 1300 மட்டில கிடக்கு, அட்டையின்ர தோலுக்குள்ள இருக்கிற சுண்ணாம்புத் துணுக்குகளுக்கு அது காணும், வேற பவுடர் என்னத்துக்கு?

பின்னேரம் நாங்கள் வளக்கிற வெள்ளை அட்டை மண்ணுக்குள்ளயிருந்து வெளிக்கிடுற நேரம் பாத்து வள்ளத்தில போய், பவுடரைச் சேத்தோட குழைச்சு உருண்டையாப் போட்டனாங்கள். அடியில போய்ச் சேர முந்தியே தண்ணி பால்மாதிரிக் கலங்கி அப்பிடியே நீரோட்டத்தில இழுபட்டுப் போச்சு, மிச்சத்துக்கு ஓரா மீன் கூட்டமா வந்து கொத்துது. அட்டை தன்ரபாட்டில சாதாழை எண்ட கடற்புல்லுக்குக் கீழ மண்ணை விழுங்கிக்கொண்டு கிடந்தது. ஓராவுக்கு விற்றமின் குடுத்த சங்கம் நாங்களாத்தான் இருக்கும்.

சீனாவில குடுக்கினம்தானே எண்டு ஒராள் கேட்டவர். ஓம், ஆனா அங்க கூடுதலா வளக்கிறது வேற இனம், குளிர்தண்ணி அட்டை, குளத்திலயும் தொட்டியிலயும் கடற்பாசித்தூளும் கடல்சேறும் தீனாக் குடுக்கினம், அந்தத் தீனுக்குள்ளதான் விற்றமின் சி, ஈ, செலீனியம் எல்லாம் சேர்த்துப் பாத்தவை. சி வேற, கெதியில கரைஞ்சு போற சாமான். தீனே போடாம மண்ணிலயும் உக்கின சாதாழையிலயும் வளக்கிற எங்களுக்கு அந்தக் கணக்குச் சரிவராது. குஞ்சு பொரிக்கிற தொட்டிக்கு எண்டா அது வேற கதை.

வளராததுக்குக் காரணம் நெருக்கம் எண்டுதான் நான் நினைக்கிறன். கிழக்குக் கரையில குஞ்சைப் பாதியாக் குறைச்சு விட்ட அண்ணையின்ர அட்டையைத் தூக்கிப் பாருங்கோ, கையிலயே பாரம் தெரியும். வலையில பாசி பிடிச்சு நீரோட்டமும் அடைபட்டுக் கிடந்தது, கழுவச் சொல்லி மூண்டுதரம் சொல்லியும் ரெண்டு பேர்தான் வந்தவை.

வாற மாரிக்கு உப்பு அளக்கிற கருவி ஒண்டு வாங்கவேணும். மழைத்தண்ணி கூடி உப்பு இறங்கினா அட்டைக்குத் தோல் வெளிறிப் புண் வைக்கும், அதுக்கு எந்தப் பவுடரும் மருந்தில்லை. இதுக்குக் காசு ஒதுக்கச் சபையைக் கேக்கிறன்.

மிஞ்சின ரெண்டு பக்கற் சங்கக் கட்டிடத்தில கிடக்கு. ஒண்டை எலி ஏற்கெனவே கடிச்சிட்டுது.