போன் நம்பர் சொன்னாத்தான் பில்லா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

டேட்டா பாதுகாப்புச் சட்டம் பத்தி நம்ம பத்திரிகைல வந்ததைப் படிச்சேன். ஃபேஸ்புக், கூகுள்னு பெரிய கம்பெனிகளைப் பத்தியே எழுதியிருந்தீங்க, அதுவும் வேணும்தான், ஆனா மதுரைல ஒருத்தரோட நம்பர் கை மாறுறது கடை கவுண்டர்லதாங்க, அதை யாரும் எழுத மாட்டேங்குறாங்க. நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடைல பில் போடுறவன், உள்ள இருந்து சொல்றேன்.

நம்பர் இல்லாம பில் வராதுன்னு சொல்றது பாதிக்கு மேல பொய். நான் பாத்த சாஃப்ட்வேர்ல அந்தக் கட்டத்தைக் காலியா விட்டாலும் பில் வருது, சிலதுல வராது, அப்ப 9-ஐப் பத்து தடவை தட்டுனா வேலை முடிஞ்சுது. ஆனா சாயங்காலம் மேனேஜர் எத்தனை நம்பர் ஏறுச்சுன்னு பாப்பாரு, கம்மியா இருந்தா பாட்டு எங்களுக்கு. அந்த லிஸ்ட்டு அப்படியே எக்ஸெல் ஃபைலா மெசேஜ் அனுப்புற ஏஜென்சிக்குப் போகுது, அங்கேருந்து வேற எங்க போகுதுன்னு ஓனருக்கே தெரியாது. பக்கத்துல ஜிகர்தண்டா கடைல எவனும் நம்பர் கேக்கல, அவன் யாவாரம் என்ன படுத்தா போச்சு?

தீபாவளிக் கூட்டத்துல வந்து பாருங்க. காலேஜ் படிக்கிற புள்ள ஒண்ணு மெதுவா நம்பரைச் சொல்லும், கூட்டத்துச் சத்தத்துல எனக்குக் கேக்காது, "திரும்பச் சொல்லும்மா"ன்னு கேப்பேன், அது சத்தமா சொல்லும், பின்னாடி நிக்கிற அத்தனை ஆம்பளைங்களும் கேட்டுக்கிட்டுத்தான நிக்கிறாங்க. விவரமான அக்காங்க வீட்டுக்காரர் நம்பரைக் குடுப்பாங்க, இல்ல கடைசி எண்ணை மாத்திச் சொல்லுவாங்க, அது எங்களுக்கும் தெரியும், கண்டுக்கிறதில்ல.

2023 மே மாசமே மத்திய நுகர்வோர் துறை, போன் நம்பரைக் கட்டாயப்படுத்திக் கேக்கக்கூடாதுன்னு கடைக்காரங்களுக்குச் சொல்லிருச்சு. அறிவுரைதான, எவன் கேட்டான். அதே வருஷம் ஆகஸ்ட்ல இந்த டேட்டா பாதுகாப்புச் சட்டமும் வந்துச்சு, விதிகளை 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க, அதுலயும் முக்கியமான பகுதி அமலுக்கு வர 18 மாசம் டைம். தனியுரிமை அடிப்படை உரிமைன்னு சுப்ரீம் கோர்ட்டு ஒன்பது ஜட்ஜு உக்காந்து சொன்னது 2017ல. எவ்வளவு மெதுவா நகருதுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க.

சரி, சட்டம் முழுசா வந்ததும் எல்லாம் மாறிருமான்னா அங்கதான் எனக்குக் கடுப்பே. டேட்டாவைப் பாதுகாக்காம விட்ட கம்பெனிக்கு 250 கோடி வரைக்கும் அபராதம்னு பெருசா சொல்றாங்கல்ல, அந்தப் பணம் போறது அரசாங்கத்தோட தொகுப்பு நிதிக்கு, அதாவது கஜானாவுக்கு. நம்பரும் ஆதாரும் வெளிய போயி, எவனோ ஒருத்தன் போன் பண்ணி ஓடிபி கேட்டு ஏமாத்தி, பேங்க்ல காசை விட்டவங்களுக்கு அதுல நயா பைசா கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்துல (ஐடி சட்டம்) 43ஏ பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, கம்பெனி அஜாக்கிரதையால நஷ்டப்பட்டா நஷ்டஈடு கேக்கலாம்னு. புதுச் சட்டம் அதையும் எடுத்துருது. இன்னொரு பக்கம், பொய்யா இல்ல அற்பமா புகார் குடுத்தா குடுத்தவருக்கே 10,000 ரூபா வரைக்கும் அபராதமாம். எது அற்பம்னு யாருங்க முடிவு பண்றது? ஒரு போன் நம்பருக்குப் போயி புகாரான்னு சொல்லிட்டா எந்த மனுசன் வாயத் தொறப்பான்?

அதனால நஷ்டஈட்டைத் திரும்பக் கொண்டு வரணும், நம்ம எம்பிக்கள் அதைக் கேக்கணும். சட்டத்துல உருப்படியா ஒண்ணு இருக்கு, எதுக்கு டேட்டா வாங்குறோம்னு சொல்ற அறிவிப்பைத் தமிழ்லயும் கேட்டு வாங்கலாம். அதைக் கடைங்க ஆப்புக்குள்ள புதைக்காம கவுண்டர்லயே எழுதி ஒட்டட்டும், "நம்பர் குடுக்கிறது உங்க இஷ்டம்"னு ஒரே வரி. எங்களுக்கும் சண்டை மிச்சம்.

கடைசியா ஒண்ணு, கோவிச்சுக்காதீங்க. நம்ம பத்திரிகை ஆப்பைத் தொறந்தா செய்தி படிக்கிறதுக்கு முன்னாடியே போன் நம்பர் கேக்குது. அது எதுக்குன்னு இந்தக் கடிதத்துக்குக் கீழயே பதில் போடுங்க.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை பில்லிங் ஊழியர்,
மதுரை